ஐயா இழுத்த ஊமத்தைச் சுருட்டு

"ஐயா இழுத்தாக. எண்பத்து ரெண்டு வயசு வரைக்கும் நல்லா இருந்தாக." எங்கள் குடும்பத்தில் யாராவது இப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எதிர்த்துப் பேசினால் பெரியவர்களை மதிக்காதவன், இங்கிலீஷ் மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்று பெயர் வரும். நானும் பல வருஷம் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணம். ஆஸ்துமா இரைப்புக்கு ஐயா ஊமத்தைச் சுருட்டு இழுத்தது உண்மை. எண்பத்து இரண்டு வயது வரை இருந்ததும் உண்மை. நடுவில் வரும் அந்த 'நல்லா' மட்டும்தான் கொஞ்ச நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஐயா, என் அப்பச்சியின் (தகப்பனாரின்) அப்பா, பர்மாவில் இருந்த கடையிலிருந்து 1942இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியவர். இரைப்பு அவருக்கு எப்போது வந்தது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. நான் பார்த்த ஐயாவுக்கு மார்கழி மாதம் முழுக்கப் படுக்கையே கிடையாது. முகப்பில் சாய்வு நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுவார். தாங்காது என்கிறபோது தகர டப்பா வரும். காய்ந்த ஊமத்தை இலையைப் பர்மாச் சுருட்டின் மேல் பற்றுள்ள மனிதருக்கே உரிய நேர்த்தியோடு சுருட்டிப் பற்றவைப்பார். எரிந்த கீரை மாதிரி ஒரு வாடை வளவு வரைக்கும் வரும். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் அடங்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் 'மூடநம்பிக்கை' என்ற சொல்லை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போவீர்கள்.

ஐயாவைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. சில ராத்திரிகளில் அவர் எழுந்து உட்கார்ந்து, இரங்கூன் கடையின் கணக்குப்பிள்ளையைப் பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லி அதட்டுவாராம். பாதி பர்மிய மொழியிலாம். கணக்குப்பிள்ளை செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "ஐயாவுக்கு உசுரே பர்மாலதான் இருந்துச்சு" என்று சொல்லிச் சொல்லி அது ஒரு பாசக்கதையாகவே ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில், சீட்டு ஆடி முடித்துப் படுக்கப் போகும் முன், யாராவது ஒருவர் ஐயா குரலில் அதை நடித்துக் காட்டுவார்கள். கதையை அப்படியே வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

பூட்டிய வீட்டைத் திறந்தபோது

பெரியப்பாவின் பேரன் கல்யாணத்துக்காக ஊர் வீட்டைத் திறந்தோம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு. ஒவ்வொரு அறையாகத் திறக்கத் திறக்கத் தூசி, வௌவால் எச்சம், உளுத்த பாய், பெட்டகத்துக்குள் பாச்சைப் புழுக்கை. ஒரு பக்கம் வெள்ளையடிப்பு, இன்னொரு பக்கம் பின்கட்டில் கோட்டை அடுப்பில் விறகு. ஆஸ்துமாக்காரர் ஒருவரைப் பிடித்து அவஸ்தைப்படுத்த இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

பெரியப்பாவுக்கு எழுபதுக்கு மேல். ஐயாவிடமிருந்து வந்தது வீட்டுப் பத்திரம் மட்டுமில்லை, இரைப்பும்தான். சாயங்காலம் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. இன்ஹேலரை அழுத்தினால் வெறும் காற்று வந்தது. காரைக்குடிக்கு ஆள் அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, சமையல் பக்கத்தில் ஒத்தாசைக்கு வந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "இதுக்குப் போயி டவுனுக்கு ஓடுவாகளா? கொல்லையிலயே நிக்கிதே" என்றார். பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஐயா மருந்து! யாரோ பழைய காய்ந்த இலை கொண்டுவந்தார்கள். போதாததற்குக் கொல்லையில் பறித்ததை அடுப்பு மேட்டில் வாட்டியும் கொடுத்தார்கள்.

முதல் தடவை இழுத்ததும் கேட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நாலு சொல் சேர்த்துப் பேச முடியாமல் இருந்தவர் எழுந்து போய்ப் பந்தல்காரரிடம் வாழைமரம் எங்கே கட்டுவது என்று சண்டை போட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். கேட்டதாலேயே இரண்டாவது தடவை இழுத்தார். படுக்கும் முன் இன்னொன்று. ராத்திரி மறுபடி இரைப்பு தட்ட, யாரையும் எழுப்பாமல் அவரே இன்னொன்று.

நடுச்சாமத்துக்கு மேல் தண்ணீர் தண்ணீர் என்றார். எவ்வளவு குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டால் கண் கூசுகிறது என்றார், அணைத்தால் ஏன் அணைத்தாய் என்று கத்தினார். முகம் சிவந்து, தோல் சூடாக, ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் இருந்தது. அப்புறம் அவர் அமைதியாகிவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பட்டாலையில் உட்கார்ந்து, காற்றிலிருந்து நூல் நூலாக எதையோ பொறுக்கி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். "என்ன பெரியப்பா?" என்றேன். "சும்மா இரு தம்பி, ஐயா வந்திருக்காகல்ல" என்று தூணைக் காட்டினார். மூத்திரம் முட்டுகிறது, ஆனால் போகவில்லை என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தபோதுதான் வீட்டில் எல்லோரும் எழுந்தார்கள். பேய் அடித்துவிட்டது, பூட்டிய வீட்டைத் திறக்கும்போது பூசை போடவில்லை என்று ஒரு கட்சி. காரை எடு என்று அண்ணமிண்டி (அண்ணன் மனைவி). நல்லவேளை, அண்ணமிண்டி கட்சி ஜெயித்தது.

காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த பெண் மருத்துவர் ரொம்பச் சின்ன வயதுக்காரர். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கருமணி அகல விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்கவே இல்லை. நாடியைப் பிடித்தார், அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார், நேராக எங்களிடம் திரும்பி, "ஊமத்தையா?" என்றார். நாங்கள் யாரும் அந்தப் பேச்சையே எடுத்திருக்கவில்லை.

குழாய் வைத்து மூத்திரத்தை எடுத்தார்கள். இதயத் துடிப்பைப் பார்க்க மெஷின் மாட்டினார்கள், அமைதிப்படுத்த ஊசி போட்டார்கள், சலைன் ஏறியது. இரைப்பு இன்னும் கொஞ்சம் இருந்ததால் நெபுலைசர் வைக்கச் சொன்னார். நர்ஸ் வழக்கமாக ஊற்றும் இரட்டை மருந்துக் குப்பியை எடுக்கப் போனதும் மருத்துவர் தடுத்தார். "அது வேண்டாம். சல்பூட்டமால் மட்டும் தனியா வைங்க. அதுல இருக்கிற இன்னொண்ணும் இதே வகைதான், இவரு ஏற்கெனவே நெறைய எடுத்துட்டாரு." எனக்குப் புரியவில்லை. கூட்டம் குறைந்த பிறகு போய்க் கேட்டேன். அந்த இரட்டை மருந்தில் இருக்கும் இப்ராட்ரோப்பியம், ஊமத்தைச் சரக்கைத் திருத்திச் செய்ததுதான் என்றார். அந்த ராத்திரியிலிருந்து வீட்டில் நடக்கும் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது.

சென்னப்பட்டணத்திலிருந்து எடின்பரோவுக்கு

இரைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தை ஐரோப்பா நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. 1802இல் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி மதராஸிலிருந்து இதைக் கொண்டுபோய் எடின்பரோவில் சிம்ஸ் என்ற மருத்துவரிடம் சேர்த்தார். அங்கே தானாக வளரும் இன்னொரு ஊமத்தை இனமும் அதே வேலையைச் செய்வதைக் கண்டுகொண்டார்கள். அப்புறம் ரொம்ப காலம் 'ஆஸ்துமா சிகரெட்' என்று பெட்டி போட்டு மருந்துக்கடைகளில் விற்றார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமாக்காரர். அவரும் இந்தச் சிகரெட்டும் புகைப்பொடியுமாகத்தான் அறையை மூடிக்கொண்டு எழுதினார். எங்கள் ஐயா முகப்பில் செய்ததை அவர் பாரிஸில் செய்தார், அவ்வளவுதான்.

ஏன் கேட்கிறது என்பது இப்போது தெளிவாகத் தெரியும். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கச் சொல்லும் நரம்புச் செய்தியை அசெட்டைல்கோலின் என்ற பொருள் எடுத்துப் போகிறது. ஊமத்தையில் இருக்கும் அட்ரோப்பினும் ஸ்கோபாலமினும் அந்தச் செய்தி போய்ச் சேரும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. தசை தளர்கிறது, குழாய் திறக்கிறது. ஆனால் அதே செய்திதான் வாயில் எச்சிலையும் தோலில் வியர்வையையும் ஊற வைக்கிறது. கருமணியைச் சுருக்குவதும், இதயத்தின் வேகத்தைப் பிடித்து வைப்பதும், மூத்திரப்பையையும் குடலையும் சுருங்க வைப்பதும் அதுதான். மூளைக்குள் ஞாபகத்தையும் நிதானத்தையும் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஊமத்தைக்கு நுரையீரல் எது, மூளை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரு அறையின் விளக்கை அணைக்க வீட்டின் மெயினையே இறக்குவது போல. பெரியப்பாவுக்கு அன்று நடந்த ஒவ்வொன்றையும், தூணில் நின்ற ஐயா உட்பட, இந்த ஒரே காரியத்தில் அடக்கிவிடலாம்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். மூலிகை என்றால் பக்கவிளைவு கிடையாது என்கிறார்களே, அந்தப் பேச்சு ஊமத்தை விஷயத்தில் நிற்கவே நிற்காது. மருந்தும் அதே அட்ரோப்பின்தான், விஷமும் அதே அட்ரோப்பின்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது. 1970களில் வந்த இப்ராட்ரோப்பியத்தில் வேதியியல்காரர்கள் செய்தது அந்தப் பிரிப்பைத்தான். மூலக்கூற்றில் மின்னேற்றம் ஒன்றை நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் அது கொழுப்புச் சவ்வுகளைத் தாண்டி மூளைக்குள் போவது கடினம், நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலப்பதும் குறைவு. அதற்கும் வாய் வறட்சி உண்டு, மூத்திரத் தடை இருப்பவர்களுக்கு எச்சரிக்கையும் உண்டு. ஆனால் ஒரு தடவைக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று குப்பியில் எழுதியிருக்கும். கொல்லையில் நிற்கும் செடியில் யார் எழுதி வைப்பது?

'எந்த இலை, எவ்வளவு?'

அளவு என்ற விஷயத்தை நான் வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் பழுத்து உதிர்ந்த இலைதான் என்றார். இன்னொருவர் இளங்குருத்துதான் என்றார். கருஊமத்தைதான் மருந்து, வெள்ளை விஷம் என்று அயித்தை. அப்படியே தலைகீழாக அம்மான். எல்லோரும் ஐயாவிடம் நேரில் பார்த்ததாகத்தான் சொன்னார்கள். உண்மையில் ஒரே ஊரில் நிற்கும் இரண்டு ஊமத்தைச் செடிகளில்கூடச் சரக்கின் அளவு ஒன்றாக இருக்காது. இலையில் ஒன்று, விதையில் ஒன்று, செடியின் வயதுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று. புகைப்பதில் இன்னும் குழப்பம். எவ்வளவு ஆழமாக இழுக்கிறோம், எவ்வளவு நேரம் அடக்குகிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே போவது மாறும். மூச்சு முட்டும் மனிதன் அளந்தா இழுப்பான்?

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த சித்த மருத்துவர் ஒருவரிடமும் போனேன். அவர் ஊமத்தையை விட்டுக்கொடுப்பார் என்றோ, வரிந்துகட்டிக்கொண்டு பேசுவார் என்றோ நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புற மருந்துகளில் புகையும் ஒன்று என்பதைச் சொன்னார். அப்புறம் என்னிடமே கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த ஊமத்தை? சுத்தி செய்ததா, அதாவது நச்சு முறிக்கப் பக்குவம் செய்ததா? அவருக்குப் பிராஸ்டேட் வீக்கம் உண்டா? கண்ணில் அழுத்தம் உண்டா? இதயத்துக்கு மாத்திரை எடுக்கிறாரா? ஒன்றுக்கும் எங்கள் வீட்டில் அன்று யாரும் பதில் யோசித்திருக்கவில்லை. இதில் பிராஸ்டேட் கேள்விதான் முக்கியம் என்றார். ஊமத்தைச் சுருட்டைத் தேடுவது பெரும்பாலும் வயதான ஆண்கள், மூத்திரம் அடைபடும் வாய்ப்பும் அவர்களுக்குத்தான். அரசாங்கத்தின் மருந்துச் சட்ட விதிகளிலேயே, அட்டவணை ஈ (1) என்ற நச்சுச் சரக்குகளின் பட்டியலில், ஊமத்தையின் பெயர் இருப்பதையும், அது சேர்ந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும் என்று லேபிளில் போட வேண்டியிருப்பதையும் காட்டினார். இரைப்புக்காரர் யாருக்கும் அவர் புகை எழுதிக் கொடுப்பதில்லை. ஆடாதோடை மணப்பாகு கொடுப்பார், முட்டல் அதிகமென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். (இருமல் மருந்துகளில் வரும் புரோம்ஹெக்சின்கூட ஆடாதோடையின் வாசிசினிலிருந்து பிறந்ததுதான் என்பதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லி அனுப்பினார்.)

வழிப்போக்கர்களின் சாப்பாட்டில் ஊமத்தை விதையைக் கலந்து மயக்கிக் கொள்ளையடிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியா முழுக்கப் போலீசாருக்குத் தெரிந்த குற்றமாக இருந்தது. சிவனுக்குச் சாத்தும் பூ என்பதால் நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம், கொல்லையில் வளர விடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் சிவன் சூடுகிறார் என்பதால் அது சாதுவான செடி என்று எந்தப் பழைய வைத்தியனும் சொன்னதில்லை. அவர்தான் நஞ்சையே உண்டவராயிற்றே.

நிகோடின் இல்லாத புகை

என் தம்பி முறையுள்ள ஒருவன் இப்போது மூலிகைச் சுருட்டு விற்கலாம் என்று கிளம்பியிருக்கிறான். ஊமத்தை இல்லை, துளசி, ஓமவல்லி, இன்னும் ஏதேதோ. பழைய பொருள் வாங்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் வாங்குவார்கள் என்பது கணக்கு. "நிகோடின் கெடையாதுண்ணே" என்கிறான். நிகோடின் இல்லாவிட்டால் அந்த அடிமைப் பழக்கம் வராமலிருக்கலாம், சரி. ஆனால் எந்த இலையை எரித்தாலும் தார் வரும், கார்பன் மோனாக்ஸைடு வரும், நுண்துகள் வரும். புகையிலைப் புகையின் கேட்டில் பெரும்பங்கு எரிப்பதால் வருவது, நிகோடினால் வருவதில்லை. ஆஸ்துமாக்காரனின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டு வீங்கியிருக்கிறது. அதன் மேல் புகையை விட்டுவிட்டு, அந்தப் புகையிலேயே வரும் மருந்தால் இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் ஊமத்தைச் சுருட்டு. நொச்சித் தழை போட்டு வேது பிடிப்பதை இதோடு சேர்க்காதீர்கள். அதில் எரிவது எதுவும் இல்லை, கொதிநீர் கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதில் இன்னும் நுட்பமான ஒரு தொல்லை உண்டு. இறுக்கத்தைத் தளர்த்துவது வேறு, வீக்கத்தைக் குறைப்பது வேறு. சுருட்டு முதலாவதைத்தான் செய்யும். உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே இருக்க, வெளியே 'கேட்டிருச்சு' என்ற நிம்மதி வரும். இதில் ஊமத்தையை மட்டும் குறை சொல்ல முடியாது. சட்டைப்பையில், இறுக்கத்தை உடனே தளர்த்தும் நீல இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஜீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இல், பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீல வகையை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்திருக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு என்றாலே பயப்படும் பெரியப்பா, பெயர் தெரியாத அளவில் அட்ரோப்பினை இழுக்கப் பயப்படவில்லை. ஐயா படம் சுவரில் மாட்டியிருக்கிறது, ஸ்டீராய்டின் படம் மாட்டவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கணக்குப்பிள்ளை வந்த ராத்திரிகள்

பெரியப்பா தெளிந்து வீட்டுக்கு வந்ததும், கல்யாண வேலைகளுக்கு நடுவே, அயித்தை அவரைக் கேலி செய்துகொண்டிருந்தார். அயித்தைக்கு எண்பதை நெருங்குகிறது. ஐயாவுக்குப் பணிவிடை செய்த கடைசி ஆள் அவர்தான். "நூலு பொறுக்கினீகளாமே, ஐயா மாதிரியே" என்றார் சிரித்துக்கொண்டு. எனக்குச் சுருக்கென்றது. ஐயாவும் பொறுக்குவாரா என்று கேட்டேன். ஆமாம், கணக்குப்பிள்ளையை அதட்டும் ராத்திரிகளில் வேட்டி ஓரத்திலிருந்தும் காற்றிலிருந்தும் எதையோ எடுத்து எடுத்துப் போடுவாராம். "காசு எண்ணுறாகன்னு நாங்க நெனச்சுக்குவோம்." தண்ணீர் செம்பை வைக்க வைக்கத் தீர்ந்துவிடுமாம். மறுநாள் பேப்பரை எடுத்தால் எழுத்து தெரியவில்லை என்று மூக்குக்கண்ணாடியைத் திட்டுவாராம். அந்த ராத்திரிகள் எல்லாம் எப்போது வரும் என்று கேட்டேன். அயித்தை கொஞ்சம் யோசித்தார். "பனிக்காலத்துலதான். இரைப்பு கூடுதலா இருக்கையில."

முப்பது வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த மனிதரின் கருமணியில் நான் டார்ச் அடித்துப் பார்க்க முடியாது. முதுமை மறதியாக இருக்கலாம், ராத்திரியில் மூச்சு குறைந்து மூளைக்கு ஆக்சிஜன் போதாததாக இருக்கலாம். ஆனால் வறண்ட வாய், மங்கிய கண், காற்றில் நூல், இல்லாத ஆட்களோடு பேச்சு, எல்லாம் சுருட்டு கூடும் ராத்திரிகளில் மட்டும். அன்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தச் சின்னப் பெண் படித்துச் சொன்ன அதே பட்டியல் இது. ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாங்கள் சொல்லிவந்தோம். ஆனதையெல்லாம் பர்மா ஞாபகம் என்று பெயர் வைத்து, கல்யாண வீட்டில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். கடைசிச் சில வருஷங்கள் அவர் ஊருணிக்கரை வரை நடக்க முடியாமல் இருந்தார் என்பதும் அயித்தை சொல்லித்தான் தெரியும். அதற்கு வைத்திருந்த பெயர் வயசு.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அளவு கூடிப்போச்சு தம்பி. ஐயாவுக்கு அளவு தெரியும்" என்றார். அடுப்படியிலிருந்து அயித்தை, "தெரிஞ்சவுக ஏன் செத்துப்போன கணக்குப்பிள்ளையை விடிய விடிய வஞ்சாக?" என்றார். பெரியப்பா பேச்சை மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாகை பார்ப்பதற்கு மாற்றிவிட்டார்.

இப்படி யாராவது புகைத்தோ தின்றோ புத்தி தடுமாறினால் மோர் கொடுத்து, எலுமிச்சை தேய்த்துப் பொழுதைப் போக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். எழுந்து ஓடவோ கிணற்றடிக்குப் போகவோ வாய்ப்புண்டு, கூடவே ஒருவர் இருங்கள். செடியின் ஒரு கிளையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், பெரியப்பாவுக்குப் பேப்பர் எழுத்து தெரிய இன்னும் சில நாள் பிடித்தது.

கொல்லையில் ஊமத்தை இன்னும் நிற்கிறது. கோயிலுக்குப் பூ கேட்டு வருவார்கள் என்று வெட்டவில்லை, பிள்ளைகள் விளையாடும் பக்கத்தில் இருந்ததை மட்டும் பிடுங்கிவிட்டோம். பெரியப்பாவுக்கு இப்போது காலையும் இரவும் ஸ்டீராய்டு இன்ஹேலர், மிச்சம் எத்தனை என்று எண் காட்டும் வகை. எடுத்துக்கொள்கிறார், ஆனால் அதனால்தான் இரைப்பு குறைந்தது என்று ஒத்துக்கொள்ள மாட்டார். அடுத்து ஒரு சாந்தி (வயது நிறைவு விழா) வருகிறது. இந்தத் தடவை வீட்டை முன்கூட்டியே திறந்து, கழுவித் துடைத்து, வெள்ளையடித்த வாடை போன பிறகுதான் அவரை ஊருக்கு அழைத்து வருவது என்று அண்ணமிண்டி முடிவு செய்துவிட்டார்.